தீப்பெட்டி, உப்பு, பின்

மேகம் தரையில் நடந்துபோகும் உயரத்தில், ஒரு மலையில், பித்தளை அடுப்பு ஒன்று வேலை பார்த்துவந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து எரிக்கிற அடுப்பு. வருஷத்தில் எட்டு நாள்தான் அதற்கு மலை. மற்ற நாளெல்லாம் அடிவாரத்துக் கிட்டங்கியில் சாக்குகளுக்கு நடுவே தூக்கம்.

அந்த எட்டு நாளும் அதைச் சுமந்து திரிந்தவர்கள் இரண்டு வனக்காவலர்கள். மூத்தவர் கோயில்பிச்சை. இரண்டு வயது இளையவர் செவத்தையா. புல்மேடுகளில் மேயும் வரையாடுகளை எண்ணி எழுதிக்கொண்டு இறங்குவது அவர்கள் வேலை. மூன்று இடங்களில் கூடாரம் போடுவார்கள். அடுப்பு கோயில்பிச்சையின் பொறுப்பு. அதை வேறு ஒருவர் தொடச் சம்மதிக்கமாட்டார்.

செவத்தையாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூடாரத்தைப் பிரித்து மூட்டை கட்டியதும், முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன்னால், நின்று கேட்பார்.

“தீப்பெட்டி?”

“இருக்குவே.”

“உப்பு?”

“இருக்கு.”

“பின்னு?”

கோயில்பிச்சை காக்கிப் பையைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “இருக்கு, இருக்கு. நடயும்வே.”

பதினேழு வருஷமாக அதே மூன்று கேள்வி. அதே வரிசை.

பார்க்கிறவர்களுக்கு அடுப்பு ஒன்றுதான். உள்ளே அது ஒரு குடும்பம். எல்லாரையும் தாங்குகிற தொட்டி, மூச்சு முட்டக் காற்றடிக்கிற பம்பு, பம்புக்குள் குந்தியிருக்கும் வயசான தோல் வாஷர், தலைமேல் தீயைச் சுமக்கிற பர்னர். பர்னரின் நடுவில், சுண்டைக்காய் அளவு உடம்போடு நிப்பிள். அதன் உச்சியில் ஒரே ஒரு துளை. நிப்பிள் அதைத் துளை என்று சொல்லாது; வாய் என்றுதான் சொல்லும். மண்ணெண்ணெய் ஏறிவந்து, சூட்டில் ஆவியாகி, அந்த வாய்வழியேதான் வெளியே வரும். வரும்போது பாடும். மூடுபனி விலகாத காலையில், உலகத்தில் வேறு சத்தமே இல்லாதபோது, அந்த ஒற்றை இழைப் பாட்டும் அதைச் சுற்றி ஒரு நீலப் பூவாக நிற்கும் தீயும் பார்க்க அழகாகவே இருக்கும். நிப்பிளுக்கு அது தெரியும்.

பின் மட்டும் அந்தக் குடும்பத்தில் சேராதது. விரல் நீளத்தில் ஒரு தகரத் துண்டு. நுனியில் தலைமுடி போல ஒரு கம்பி. அவ்வளவுதான். பையின் உள்தையலில் செருகிக் கிடக்கும். பற்றவைப்பதற்கு முன்னால் கோயில்பிச்சை அதை எடுத்து நிப்பிளின் வாயில் ஒரு குத்துக் குத்துவார். கரி உதிரும். பின் மறுபடி தையலுக்குள் போய்விடும். தீயை அது ஒருநாளும் பார்த்ததில்லை.

“வந்துவிட்டாயா?” என்றது நிப்பிள், அந்த வருஷத்தின் முதல் கூடாரத்தில். “நேற்றுத்தானே குத்தினாய்!”

“நேற்றைய கரியை நேற்று எடுத்தேன். இது இன்றைக்கு உள்ளது.”

“எங்கே இருக்கிறது கரி? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.”

“உன் வாய்க்குள் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?” என்றது பின்.

பர்னர் சிரித்துவிட்டது. தொட்டிகூட லேசாக அதிர்ந்தது. நிப்பிளுக்குக் குத்தின வலியைவிட அந்தச் சிரிப்பு வலித்தது.

“மெதுவாகவாவது குத்தித் தொலையேன்.”

“மெதுவாகத்தான் குத்துகிறேன். வேகமாகக் குத்தினால் நானே ஒடிந்துபோவேன். என் உடம்பு இவ்வளவுதான்.”

தீ பற்றியதும் நிப்பிள் வழக்கம்போலப் பாடியது. அன்றைக்குக் கொஞ்சம் உரக்கப் பாடியது.

“நான் அடிக்கிற காற்றுக்கு நீ எதற்கு அந்தத் தகரத்தின் தயவில் இருக்கிறாய்?” என்று பம்பு அதைத் தேற்றியது. “நாலு அடி கூட அடித்தால் கரியெல்லாம் பறந்துவிடாதா?”

“பறக்கும், பறக்கும்,” என்றது வாஷர். “நான் கிழிந்து பறப்பேன்.”

அன்று சாயங்காலம் பக்கத்து மலையின் காவலர்கள் இரண்டு பேர் தேநீர் குடிக்க வந்திருந்தார்கள். கோயில்பிச்சை அடுப்பைச் சுற்றி நாலு கல்லை அரணாக நட்டு, ஒரு பூசை மாதிரி எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துகொண்டிருந்தார். விருந்தாளிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வே, பின்னு போட்டீரா?” என்றார் செவத்தையா.

கோயில்பிச்சை நிமிர்ந்தார். போட மறந்திருந்தார்.

“பெரியவருக்கு நீங்கதான் வாத்தியாரோ?” என்று வந்தவர்களில் ஒருவர் செவத்தையாவைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். செவத்தையாவும் சிரித்தார். அதுதான் தப்பாகிப்போயிற்று.

விருந்தாளிகள் போன பிறகு கோயில்பிச்சை பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தார்.

“நான் என்னவே, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா? இருபத்திரெண்டு வருசமா அடுப்பு பத்த வைக்கேன். நாலு பேரு முன்னால வச்சு, பின்னு போட்டீரா, பின்னு போட்டீரான்னு. காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா. என்னைப் பாத்தா உமக்கு எப்படி இருக்கு?”

“ஒரு வார்த்தை கேட்டா என்னவே?”

“கேக்காதேயும். அம்புட்டுத்தான்.”

“சரிவே,” என்றார் செவத்தையா. “இனிமே கேக்கல.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டாவது கூடாரத்துக்குக் கிளம்பினார்கள். மூட்டைகள் கட்டியாயிற்று. செவத்தையா வழக்கமான இடத்தில் நின்றார். வழக்கம்போல வாயைத் திறந்தார். பிறகு எதையோ விழுங்கினவர் மாதிரி மூடிக்கொண்டு நடந்தார். கோயில்பிச்சை பையைத் திறக்கவில்லை.

பையின் அடி மூலையில் ஒரு கிழிசல் இருந்தது. கடந்த சில வருஷமாகவே உண்டு. நடக்கிற ஆட்டத்தில் பின் தையலை விட்டு நழுவி அந்தக் கிழிசல் பக்கம் வந்துவிடும். காலையில் துழாவுகிற கை அதைப் பிடித்து மறுபடி செருகும். பையை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் இருந்ததற்கு அந்தக் கைதான் காரணம்.

அன்றைக்குப் பின் ஏற்கெனவே நழுவியிருந்தது. ஏற்றத்தில் பை குலுங்கக் குலுங்க, அதன் பாதி உடம்பு கிழிசலுக்கு வெளியே போய்விட்டது. தகரத்தின் வளைந்த முனை ஒரு நூலில் மாட்டிக்கொண்டிருந்தது. கீழே புல்லும் பாறையும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

அடுப்பு பைக்குள் சாய்ந்து படுத்திருந்தது. எல்லாருடைய முகமும் வேறு பக்கம். நிப்பிள் ஒன்றுதான் கிழிசலுக்கு நேராக இருந்தது.

“நிப்பிள்,” என்று கூப்பிட்டது பின். “நூல் பிரிகிறது. பம்பிடம் சொல்லு. கைப்பிடியை ஒரு தடவை தொட்டியில் தட்டினால் போதும். சத்தம் கேட்டுப் பையை இறக்குவார்.”

நிப்பிளுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

“நான் இருக்கட்டுமா, போகட்டுமா?” என்றது பின். கேலியாகத்தான் கேட்டது. அதற்குக் கேலியாகப் பேசித்தான் பழக்கம்.

நிப்பிள் ஒன்றும் சொல்லவில்லை. போ என்று சொல்லவில்லை. பிற்பாடு அது எத்தனையோ தடவை இதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது: நான் போ என்று சொல்லவே இல்லையே. ஆனால் நூலில் ஒரு இழை போக, இன்னொரு இழை போக, அது பார்த்துக்கொண்டிருந்தது. பின் விழுந்தபோது சத்தம்கூட வரவில்லை. புல் வாங்கிக்கொண்டது.

அன்று சாயங்காலம் கோயில்பிச்சை பையைத் துழாவினார். ஒருமுறைக்கு மூன்றுமுறை துழாவினார். பிறகு தலையை உயர்த்தி, கொஞ்ச தூரத்தில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த செவத்தையாவைப் பார்த்தார். செவத்தையாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

‘சொன்னா, நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுவாரு,’ என்று நினைத்தார் கோயில்பிச்சை. ‘இன்னும் அஞ்சு நாளுதான. சமாளிச்சிரலாம்.’

‘கேட்டா, கேக்காதேயும்னு சொல்லுவாரு,’ என்று நினைத்தார் செவத்தையா.

அடுப்பு பின் இல்லாமலே பற்றியது. நிப்பிளுக்குக் கர்வம் தாங்கவில்லை.

“பார்த்தீர்களா? நான் பாடுகிறேனா இல்லையா?”

“பாடுகிறாய்,” என்றது பர்னர்.

சனிக்கிழமையும் பாடியது. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் இருமல் கலந்தது. நீலப் பூவின் ஓர் இதழ் சிவந்தது. கஞ்சி கொதிக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரமாயிற்று.

“மண்ணெண்ணெய் கலங்கல்,” என்றது நிப்பிள்.

“என்னைச் சொல்லாதே,” என்றது மண்ணெண்ணெய். “போன வருஷமும் நான் இதே கலங்கல்தான்.”

திங்கட்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. மலைமழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. வானம் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. எதிர்ப் பாறையில் ஆடு எண்ணப் போயிருந்த செவத்தையா ஓடையைக் கடந்து திரும்பவேண்டும். ஓடை இடுப்புக்கு ஏறிவிட்டது. கடக்கும்போது விழுந்தார். எழுந்து, ஒரு மணி நேரம் காற்றில் நனைந்தபடியே நடந்து, வெளிச்சம் மங்குகிற சமயத்தில் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

உதடு நீலமாக இருந்தது. பல் தந்தியடித்தது. கை, சட்டையைக் கழற்றுகிற விஷயத்தையே மறந்துவிட்டிருந்தது. கோயில்பிச்சை கழற்றினார். துவட்டினார். இரண்டு கம்பளியையும் சுற்றினார். கம்பளிகளும் ஓரத்தில் நனைந்துதான் இருந்தன.

“சுடுதண்ணி வைக்கேன்வே. ரெண்டு மடக்கு உள்ள போச்சின்னா சரியாயிரும்.”

காட்டில் காய்ந்த சுள்ளி ஒன்றுகூட இல்லை. சூடு என்றால் அந்த அடுப்பு ஒன்றுதான்.

கூடாரத்தின் வாசல் மடிப்புக்குள் அதை வைத்துப் பர்னரைச் சூடாக்கினார். பம்பு அடித்தார். ஒரு சொட்டுத் தீ எட்டிப் பார்த்து அணைந்தது. மறுபடி சூடாக்கி, மறுபடி அடித்தார். ஒன்றுமில்லை. வாஷரைக் கழற்றித் தேங்காயெண்ணெய் தடவி மாட்டினார். மண்ணெண்ணெயை இறக்கி, துண்டின் முனையில் வடிகட்டி ஊற்றினார். திருகுகளை இறுக்கினார். காற்றடித்து அடித்துப் பம்பின் கைப்பிடி கல்லாகிவிட்டது.

“இனி அடித்தால் நான் வெடிப்பேன்,” என்றது தொட்டி.

“எனக்குக் கிழியும்போல இருக்கிறது,” என்றது வாஷர்.

“நான் வாசல்வரைக்கும் வந்து நிற்கிறேன்,” என்றது மண்ணெண்ணெய். “கதவுதான் திறக்கவில்லை.”

எல்லாரும் நிப்பிளைப் பார்த்தார்கள். நிப்பிள் தன் வாயைத் திறக்கப் பார்த்தது. உள்ளே நான்கு நாள் கரி கல்லாக இறுகியிருந்தது. அந்தக் கரியோடு அது முதல் தடவையாகப் பின்னை நினைத்தது. குத்துகிறதாக அல்ல. தையலில் செருகிக்கொண்டு, தீயைப் பார்க்காமல், சும்மா கிடக்கிறதாக நினைத்தது.

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. “பின்னு...”

கோயில்பிச்சையின் கை நின்றது.

“பின்னு போட்டுப் பாத்தீரா?”

“பின்னு இல்லவே. தொலைஞ்சிட்டு.”

“எப்போ?”

“வெள்ளிக்கெழம.”

மழை கூடாரத்தின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

“நாலு நாளாவா?”

“நீரு கேக்கலியேவே,” என்றார் கோயில்பிச்சை.

“கேக்காதேயும்னீரேவே,” என்றார் செவத்தையா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற சூடுகூட அவர் உடம்பில் மிச்சமில்லை.

கோயில்பிச்சை தன் சட்டையைப் பார்த்தார். பித்தான் போன இடத்தில் ஓர் ஊக்கு மாட்டியிருந்தது. பிடுங்கினார்.

ஊக்கு தடித்த உடம்பு. பளபளப்பானது. பேச்சும் இனிமை.

“பயப்படாதே கண்ணு,” என்றது நிப்பிளிடம். “நான் அந்தத் தகரம் மாதிரி தினமும் வந்து நச்சரிக்கமாட்டேன். ஒரே ஒரு குத்து. அதற்குப் பிறகு இந்த ஜென்மத்துக்கும் உன்னை யாரும் குத்த வேண்டியதில்லை.”

“நீ என் வாயைவிடப் பெரிதாக இருக்கிறாயே,” என்றது நிப்பிள்.

“வாயைப் பெரிதாக்கிவிட்டால் போகிறது.”

கோயில்பிச்சை அழுத்தினார். நுழையவில்லை. ஊக்கின் தலையில் கல்லை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பித்தளை வழிவிட்டது.

கரி உதிர்ந்தது. கூடவே பித்தளைத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. ஊக்கு சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு நிப்பிளை யாரும் குத்தவில்லை.

தீ வந்தது. மஞ்சளாக, ஒரு முழ உயரத்துக்கு, தலைவிரித்து வந்தது. கூடாரத்தின் மடிப்பு கருகியது. பாத்திரம் கறுத்தது. புகை இருவரையும் இருமவைத்தது. மண்ணெண்ணெய் ஆவியாகி மெல்ல வருவதற்குப் பதிலாக, இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து பாதி எரிந்து பாதி புகையாகிப் போயிற்று. தண்ணீர் கொதிக்கவே இல்லை. நெடுநேரம் கழித்துக் கைபொறுக்கிற சூட்டுக்கு வந்தது. கோயில்பிச்சை அதைத் தூக்கிப்பிடித்து, மடக்கு மடக்காகப் புகட்டினார்.

நிப்பிள் பாடப் பார்த்தது. காற்று அதன் வழியே தடையில்லாமல் போயிற்று. தடை இருந்தால்தான் பாட்டு என்பது அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

செவத்தையா பிழைத்துக்கொண்டார். மறுநாள் மழை விட்டதும் ஆட்கள் வந்து தூளி கட்டி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். நெஞ்சில் கட்டிய சளி, போனபோது மூச்சில் பாதியையும் கொண்டுபோயிற்று. இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடிவாரச் சோதனைச்சாவடியில், நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துத் தடுப்புக் கம்பத்தைத் தூக்குகிற வேலை கிடைத்தது.

அடுப்பு பழுதுபார்க்கிறவர் நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எத விட்டுக் குத்துனீங்க?”

“ஊக்கு.”

“துளை பெருத்துப்போச்சே. பின்னு ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா? இத இனி ஒண்ணும் செய்யமுடியாது.”

புது நிப்பிளை மாட்டினார். பழையதைக் குப்பையில் போடப்போனார். கோயில்பிச்சை கையை நீட்டி வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. காக்கிப் பையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுவைத்தார். அன்றைக்கே பையின் கிழிசலை நான்கு சுற்று தைத்தார்.

அடுத்த வருஷம் மலைக்குப் புறப்படும் நாளில் புதிய கூட்டாளி வந்திருந்தார். நல்ல மனிதர், கேள்வி எதுவும் கேட்காதவர். சாவடியில் செவத்தையா கயிற்றை இழுத்துக் கம்பத்தைத் தூக்கினார். இழுத்த இழுப்பில் மூச்சு வாங்கியது.

கோயில்பிச்சை தாண்டிப் போகவில்லை. மூட்டையோடு அவர் எதிரில் நின்றார். பையின் வாயை முன்கூட்டியே அவிழ்த்து வைத்திருந்தார். உள்ளே ஒரு கையும் விட்டிருந்தார். தீப்பெட்டி இருந்தது. உப்பு இருந்தது. ஒன்றுக்கு மூன்றாகப் பின் இருந்தது.

செவத்தையா அவரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். மூச்சு எட்டவில்லையோ, முன்பு கொடுத்த வார்த்தை ஞாபகம் வந்ததோ.

“பாத்துப் போயிட்டு வாரும்வே,” என்றார்.

“என்னண்ணே, நிக்கீங்க?” என்றார் புதுக் கூட்டாளி.

“ஒண்ணுமில்ல,” என்றார் கோயில்பிச்சை. பையின் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

முதல் கூடாரம். மூடுபனி. தீ அணைந்து அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பை திறந்து கிடந்தது. புது நிப்பிள், தையலில் செருகியிருந்த புதுப் பின்னைப் பார்த்து முணுமுணுத்தது:

“காலையில் ஒரு குத்து, சாயங்காலம் ஒரு குத்து. உனக்கு வேறு வேலையே கிடையாதா? கொஞ்ச நாள் எங்காவது போய்த் தொலையேன்.”

உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய நிப்பிள் அதைக் கேட்டது. அதன் உடம்பு முழுக்க ஒரு சொல்லாயிற்று. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கப் போயிற்று.

வாய் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. மலைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று; சத்தமே வரவில்லை.